முப்பத்தாறு டிகிரி

வசந்த் காலையில் கண் விழித்ததும் முதலில் போய்ப் பார்ப்பது பெட்டியின் சூட்டைத்தான். பல் விளக்குவதெல்லாம் அப்புறம். பின்னறைக் கதவில் சாக்பீஸால் தேதி போட்டு, பக்கத்தில் டிகிரியை எழுதுவான். முப்பத்தாறு. முப்பத்தாறு. முப்பத்தேழு. மறுபடி முப்பத்தாறு. மனைவி எழிலரசிக்கு டைபாய்டு வந்து பதினோரு நாள் படுத்திருந்தபோது அவள் காய்ச்சலை ஒருநாளும் அவன் எழுதி வைத்ததில்லை. அதை அவள் சொல்லிக் காட்டாமலும் இல்லை.

"உனுக்கு காய்ச்சல் வந்தா மாத்திர இருக்குது. இதுக்கு இன்னா இருக்குது சொல்லு" என்பான்.

ராணிப்பேட்டையில் அவனுக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ. முன்னால் கடை, நடுவில் வீடு, வீட்டுக்குப் பின்னால் தோல் கம்பெனிகளின் தண்ணீர் போகிற கால்வாய். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று பதினாறு வருடமாக ஊரின் நல்லதுகளையெல்லாம் வீடியோ பிடித்தவன். ஆனால் அந்தப் பெட்டியை அவன் கட்டியது ஊரார் கல்யாணங்களுக்காக இல்லை. ஒரே ஒரு வீடியோவுக்காக. இரண்டு மணி நாற்பது நிமிடம் ஓடுகிற, ஒரு கம்பெனியின் ஆயுத பூஜை.

எழிலரசியின் தம்பி காசி அந்தக் கம்பெனியில்தான் கான்ட்ராக்டில் வேலை பார்த்தான். பூஜையைப் பிடிக்கிற வேலையை வசந்துக்கு வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். முதலாளி வீட்டார் வந்து சாமி கும்பிட்டுப் போனதும், வசந்த் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். எல்லாப் பூஜையிலும் அவன் செய்வதுதான் அது. கூட்டம் வருவதும் போவதும் தானாகப் பதிவாகும், எடிட்டிங்கில் நடுநடுவே ஒட்டிக்கொள்ளலாம். சாப்பிட்டு வந்து கேமராவை மடக்கிக்கொண்டு அடுத்த பூஜைக்குப் போய்விட்டான். சாயங்காலம் போன் வந்தது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய காசி திரும்ப ஏறவில்லை.

கம்பெனி எழுதிக்கொடுத்தது இது: லீவு நாளில் யாரும் கூப்பிடாமல், தொட்டி மோட்டாரின் செம்புக் கம்பியைத் திருட இறங்கினான்.

செத்தவனுக்கு வாய் இல்லை. ஆனால் கேமராவுக்குக் காது இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வசந்த் அந்தப் பூஜையைப் போட்டுப் பார்த்தான். காசி வாழையிலைத் துண்டில் பொரியும் கடலையும் வைத்துக்கொண்டு நின்று தின்கிறான். யாரையோ பார்த்துச் சிரிக்கிறான். சூப்பர்வைசர் வந்து அவன் தோளில் கை போடுகிறார். அவர் சொல்வது தெளிவாகக் கேட்கிறது. "அடைச்சிக்கிச்சுடா. எறங்கி ஒரு குத்து குத்திட்டு வந்துரு. மாஸ்க்லாம் ஸ்டோர்ல பூட்டிக் கெடக்குது, அஞ்சு நிமிஷ வேலைக்கு அதெதுக்கு?" காசி மிச்சப் பொரியை வாயில் கொட்டிக்கொண்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போகிறான்.

நஷ்டஈடு வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். எழிலரசிக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். தன் தம்பி திருடன் இல்லை என்று கோர்ட்டு காகிதத்தில் எழுதித் தரவேண்டும். ஒடுகத்தூரில் அவள் அம்மா கண்ணம்மாள் கடலைக் கொல்லைக்குக் கூலிக்குப் போனால், "கம்பி எடுக்கப் போனானாமே உம் புள்ள" என்று வாய் கூசாமல் கேட்கிறார்கள்.

முதலில் பிடித்த வக்கீலிடம் வீடியோவைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் கம்பெனி ஆள் ஒருவன் வீட்டுக்கு வந்து, வீடியோவில் எத்தனையாவது நிமிடத்தில் என்ன இருக்கிறது என்பதை அவனே சொன்னான். பென்டிரைவ் எங்கே என்று கேட்டதற்கு, எங்கேயோ தொலைந்துவிட்டது என்றார் வக்கீல். அன்றைக்கு எடுத்த முடிவு, இனி ஒருத்தர் கையிலும் கொடுப்பதில்லை. அடுத்து வந்த வக்கீல் கிறிஸ்டினாவும் அதையே சொன்னாள். "வெட்டி ஒட்டினது செல்லாதுங்க. முழுசா இருக்கணும். நான் சொல்ற தேதிக்கு கம்ப்யூட்டர் பொட்டியோட கொண்டாங்க, அதுவரைக்கும் பத்தரமா வெச்சிருங்க."

கேமராவிலிருந்த கார்டில் மறுநாளே ஒரு நிச்சயதார்த்தம் ஏறிவிட்டது. ஸ்டுடியோக்காரர்கள் கார்டைச் சும்மா வைத்திருப்பதில்லை. வீடியோ பழைய கம்ப்யூட்டரில் கிடந்தது, அதுவும் ஒருநாள் காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. எப்படியோ தட்டி எழுப்பினான். அன்றைக்குப் பயந்துபோய்த்தான் வசந்த், வீடியோவைப் பத்திரமாக வைக்க சர்வர் என்று ஒரு தனிப் பெட்டி கட்டக் கிளம்பினான்.

ஆல்பம் அடுக்கும் இரும்பு அலமாரியில் பாதியை அறுத்துக் கூடு செய்தான். பழைய கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகளை அதில் மாட்டினான். புது ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவதை மற்றொன்றிலும் அதே நேரத்தில் எழுதும், ஒன்று செத்தாலும் இன்னொன்று பேசும் என்று எழிலரசிக்கு விளக்கினான். எல்லாம் யூடியூப் பார்த்துக் கற்றது. குறை சொல்லக்கூடாது, சுத்தமாகச் செய்தான். வீடியோவை ஏற்றும் முன் இரண்டு டிஸ்க்கையும் எட்டு நாள் சோதித்தான். மூலை முடுக்கெல்லாம் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, ஒரு எழுத்தும் தப்பவில்லை என்று ஆன பிறகுதான் நம்பினான். வீடியோ புதியதில் ஏறிய கொஞ்ச நாளில் பழைய டிஸ்க் ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

நம்பாதது சூட்டை மட்டும்தான். அது ஏப்ரல் மாதம், ராணிப்பேட்டை வெயில். சோதனை ஓடும்போது டிஸ்க் ஐம்பத்தொன்பது டிகிரி காட்டியது. வசந்த் டேபிள் ஃபேனை வைத்தான், ஈரச் சாக்கு கட்டினான். ஐம்பத்தைந்துக்குக் கீழே இறங்கவில்லை. கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போய், தோல் காயவைக்கும் கொட்டகையிலிருந்து கழற்றி வந்த பெரிய ஃபேன் ஒன்றைத் தூக்கி வந்தான். பின்சுவரில் ஓட்டை போட்டு, வெளிக்காற்றை இழுத்துப் பெட்டியின் மேல் நேராக ஊதுகிற மாதிரி பொருத்தினான். கால்வாய்ப் பக்கம் நிழல், எந்நேரமும் குளுகுளுவென்று இருக்கும். அரைமணி நேரத்தில் முப்பத்தாறு. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கதவில் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தது அன்றுதான்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவனும் அப்படித்தான் சிரித்திருப்பான்.

ஜூலையில் கண்ணம்மாள் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து முந்தானை மூக்கிலேயே இருந்தது.

"இன்னாடி இந்த நாத்தத்துல எப்படித்தான் சோறு துன்றீங்க?"

"இன்னா நாத்தம் அத்த?" என்றான் வசந்த். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். இருபது வருடம் அங்கே இருக்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை. எழிலரசிக்கும் கல்யாணமாகி வந்த புதிதில் தெரிந்தது, அப்புறம் எப்போது நின்றது என்று அவளுக்கே நினைவில்லை.

கண்ணம்மாள் வழக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. காப்பி குடித்துவிட்டு, "மாப்ள, அந்தப் பொரி துன்ற எடத்த கொஞ்சம் போடுங்க" என்றாள். சூப்பர்வைசர் வருகிற இடத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள். மூன்று தரம் பார்த்தாள். காசியின் போட்டோ வீட்டில் நாலைந்து இருந்தது. அசைகிறதும் சிரிக்கிறதும் இது ஒன்றுதான். சொந்தக்காரர் கல்யாண வீடியோவெல்லாம் எடுக்கிறவன், மச்சானைத் தனியாக ஒரு நிமிடம் எடுத்து வைக்கத் தோன்றியதில்லை.

கண்ணம்மாள் போகிறபோது மகளின் காலைப் பார்த்தாள். "காசி வாங்கிக் குடுத்த கொலுசு இன்னாடி இப்படி கறுத்துக் கெடக்குது? எனுக்கும் அதே கடையிலதான் மெட்டி வாங்கினான். எப்படி இருக்குது பாரு."

அம்மாவின் மெட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. எழிலரசி மாதம் ஒருமுறை கொலுசைப் பல்பொடி போட்டுத் தேய்ப்பவள்தான். ஊரில் எல்லாப் பெண்களும் தேய்ப்பார்கள், உப்புத் தண்ணி என்பார்கள், உடம்புச் சூடு என்பார்கள். இந்தத் தடவை அவள் வேறு மாதிரி யோசித்தாள். அவள் வேலை அப்படி. ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமில் பக்கிளையும் கயிறு கோக்கிற உலோகக் கண்ணிகளையும் சோதிக்கிற வேலை. முலாம் சரியில்லாத பக்கிள் அந்தக் கம்பெனி ஸ்டோரில் ஒரு வாரம் திறந்து கிடந்தால் கறுத்துவிடும், வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்புவான். அதனால் பிளாஸ்டிக்கில் சுற்றியே வைப்பார்கள்.

கொலுசைப் பளபளவென்று தேய்த்தாள். ஒன்றைச் சமையலறை ஆணியில் மாட்டினாள், மற்றொன்றைப் பின்னறையில் ஃபேன் எதிரே மாட்டினாள். சமையலறையில் மாட்டியது மங்க இரண்டு வாரம் ஆனது. ஃபேன் எதிரே இருந்தது நாலாம் நாள் அடுப்புக்கரி நிறத்தில் தொங்கியது.

இரண்டையும் வசந்த் முன்னால் வைத்தாள். "இந்தக் காத்துல ஏதோ இருக்குதுங்க. உள்ள இருக்கறதும் செம்பும் வெள்ளியும்தான? பொட்டிய அம்மா வூட்ல வெச்சிரலாம். இல்லன்னா இன்னொரு டிஸ்க்குல போட்டு அத அங்க வைக்கலாம்."

"ஒடுகத்தூர்லயா? பாதி நாள் கரண்டு இல்ல. எலி வேற. ஏற்கனவே ரெண்டு காப்பி இருக்குது, மூணாவது எதுக்கு? ஊர் ஊரா காப்பி வெச்சிதான் மொத வக்கீல்கிட்ட ஏமாந்தோம்."

"அந்த ரெண்டும் ஒரே பொட்டியிலதான இருக்குது."

"எழிலு, இது கொலுசு இல்ல. சர்வர். சூடு ஏறாத வரைக்கும் ஒண்ணும் ஆவாது. முப்பத்தாறுல நிக்குது, பாத்தியா இல்லியா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். அவள் அதற்கு மேல் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்கு ஒரு காரணமும் வைத்திருந்தாள். இந்த வழக்கால் அவனுக்கு மூன்று கம்பெனிகளின் பூஜை ஆர்டர் போயிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை அவன் சொன்னதில்லை. தன் தம்பிக்காக இவ்வளவு செய்கிறவனை எப்படி இன்னும் நெருக்குவது என்று இருந்துவிட்டாள். பக்கிள் ஒன்று அப்படிக் கறுத்திருந்தால் லாட்டையே திருப்பி அனுப்பியிருப்பாள், மேனேஜர் வந்து கத்தினாலும் விட்டிருக்க மாட்டாள். வீட்டில் விட்டுவிட்டாள்.

அடுத்த வருடம் ஜூன் பதினேழாம் தேதியைக் கிறிஸ்டினா சொன்னாள். பெட்டியோடு வரவேண்டும்.

மே கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை கதவில் முப்பத்தாறு என்று எழுதிவிட்டு வந்த வசந்த், திரையில் ஒரு டிஸ்க்கைக் காணோம் என்றான். பயந்த மாதிரி தெரியவில்லை. "இதுக்குத்தான ரெண்டு வெச்சேன்" என்றான். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வேலூருக்குப் போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்து மாட்டினான். மிச்சமிருந்த ஒன்றிலிருந்து புதியதற்கு எல்லாம் ஏற ஆரம்பித்தது. முப்பத்தொரு சதவீதத்தில் நின்றது. உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம்.

அணைத்துப் போட்டான். கொஞ்சம் ஓடி நின்றது. மறுபடி அணைத்துப் போட்டான். செத்ததைக் கழற்றி வந்து மாட்டிப் பார்த்தான், இதைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டினான். எழிலரசி சாம்பார் கொதிக்கவைத்து இறக்குவதற்குள் பதினாறு தரம் எண்ணினாள்.

"வேணாங்க, வுடுங்க. தெரிஞ்சவங்ககிட்ட காட்டலாம்."

"எனுக்குத் தெரியாததா?" சட்டை முழுக்க வியர்த்திருந்தது. பின்னறை மட்டும் குளுகுளுவென்றுதான் இருந்தது.

சாயங்காலம் டிக் டிக் சத்தமும் நின்றுவிட்டது.

ஆம்பூரில் ரஃபி அகமது என்று ஒருவர் ஹார்டு டிஸ்க் சரிசெய்கிறார். மறுநாள் எழிலரசி வேலைக்கு லீவு போட்டாள். பெட்டியைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு இருவரும் பஸ்ஸில் போனார்கள்.

ரஃபி டிஸ்க்கின் அடிப்பலகையைத் திருகிக் கழற்றி லென்ஸின் கீழே வைத்தார். சிறிது நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தினி டிகிரியில வெச்சிருந்தீங்க?"

"முப்பத்தாறு பாய். ஒருநாள்கூட நாப்பது தாண்டல" என்றான் வசந்த்.

"சூட்டுல ஒண்ணும் ஆவல. வூட்டுக்குப் பின்னால தோல் ஷாப்பு கால்வா இருக்குதா?"

"இருக்குது."

"ஃபேனு காத்த வெளிய தள்ளுதா, உள்ள இழுக்குதா?"

"உள்ள இழுக்குது" என்றாள் எழிலரசி.

ரஃபி லென்ஸை அவள் பக்கம் திருப்பினார். தகதகவென்று இருக்கவேண்டிய புள்ளிகளெல்லாம் கறுப்பாக இருந்தன. எத்தனை தரம் தேய்த்த கறுப்பு, அவளுக்குத் தெரியாதா.

"ராணிப்பேட்டையில எனுக்கு கஸ்டமர் ஜாஸ்திமா. ஏசி போர்டுகூட அங்க வருஷம் தாங்காது. அந்தக் காத்து செம்பையும் வெள்ளியையும் துன்னுரும். நீங்க ஃபேனே இல்லாம மூடி வெச்சிருந்தா, சூடாதான் இருந்திருக்கும், ஆனா இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும்." இரண்டு டிஸ்க்கையும் திறந்து உள்ளே பார்த்தார். "போர்டுதான்னா மாத்திப் பாக்கலாம். ஆன் பண்ணி ஆன் பண்ணி பாத்துக்கினே இருந்தீங்களா? உள்ள தகடு கீறிக்கிச்சு. ரெண்டுலயும். சென்னைக்கு அனுப்பிப் பாக்கறேன், நம்பிக்க வெக்காதீங்க."

"அந்தக் காத்துக்கு ஏதாவது பேரு இருக்குதா பாய்?"

இதை ஏன் கேட்கிறாள் என்பதுபோல் பார்த்தார் ரஃபி. பிறகு ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தார். ஹைட்ரஜன் சல்ஃபைடு.

எழிலரசி அதைப் படித்தாள். அந்தப் பெயரை அவள் வாழ்க்கையில் அதற்கு முன்னால் ஒரே ஒரு காகிதத்தில்தான் படித்திருக்கிறாள். காசியின் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் சாவுக்குக் காரணம் என்ற இடத்தில் அது இருந்தது.

சீட்டை வசந்திடம் நீட்டினாள். அவன் படித்தான். அவன் முகம் செத்துப்போனதை அவள் பார்த்தாள், பார்த்தும் இரக்கம் வரவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் அவனை அவள் வெறுத்தாள். அதைவிட அதிகமாக, கொலுசை அவன் முன்னால் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனவளை வெறுத்தாள்.

பத்தாம் நாள் ரஃபி போன் செய்தார். சென்னையிலும் எடுக்க முடியவில்லை. டிஸ்க்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

பதினேழாம் தேதி வேலூர் கோர்ட்டில் கிறிஸ்டினா தன்னால் முடிந்ததைப் பேசினாள். பழுதான டிஸ்க்குகளைக் காட்டினாள், ரஃபியின் சீட்டையும் காட்டினாள். எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாக எழுந்து, இரண்டு வருடமாக வீடியோ வீடியோ என்கிறார்கள், அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்றார். அவருக்கு அதில் எத்தனையாவது நிமிடத்தில் என்ன இருந்தது என்று நிச்சயம் தெரிந்திருக்கும். வசந்தைக் கூண்டில் ஏற்றினார்கள். என்ன பார்த்தாய், என்ன கேட்டாய் என்று சொன்னான். நீ செத்தவனின் அக்கா புருஷன்தானே என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அதை வாங்கப் போன நாளில் கண்ணம்மாளும் வந்திருந்தாள். காசி 'அனுமதியின்றி, தன் சொந்த நோக்கத்துக்காக' இறங்கியதாக அதில் எழுதியிருந்தது. சொந்த நோக்கம் என்ன என்று எழுதவில்லை. ஒடுகத்தூரில் எழுதிக்கொள்வார்கள். மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்றாள் கிறிஸ்டினா. எதை எடுத்துக்கொண்டு போவது என்று யாரும் கேட்கவில்லை.

வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒடுகத்தூர் பஸ்ஸுக்காக நின்றார்கள். வசந்த் தண்ணீர் பாட்டில் வாங்குகிற சாக்கில் தள்ளிப் போய் நின்றான். பெட்டி செத்த விஷயத்தை அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஏதோ கோளாறு, கோர்ட்டில் போட்டுக்காட்ட முடியவில்லை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள்.

"கேசு போனா போவுது வுடு" என்றாள் கண்ணம்மாள். "ஊரு வாய மூட ஒலமூடியா இருக்குது? ஆடி வெள்ளிக்கு வரலாம்னு இருந்தேன், வர முடியல. அடுத்த வாரம் வர்றேன். அந்தப் பொரி துன்ற எடத்த மட்டும் இன்னொருக்கா போட்டுக் காட்டச் சொல்லு மாப்ளய. முன்னால மூணு தரம்தான் பாத்தேன். கண்ணுல சரியா நிக்கல."

எழிலரசி பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். எத்தனை வாரத்துக்குச் சொல்வது.

"அது இல்லம்மா. அதுவும் அந்தப் பொட்டியிலதான் இருந்துது. எல்லாம் போய்ட்டுது."

"எப்படிப் போவும்? மாப்ள அவ்ளோ பதனமா வெச்சிருந்தாரே."

"காத்தும்மா. கால்வாக் காத்து உள்ள போய் அரிச்சிட்டுது. தொட்டியில காசிய அடிச்சிச்சே, அதே காத்து."

கண்ணம்மாள் அழவில்லை. எதிரே ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப எம் புள்ள ரெண்டு வாட்டி செத்தான்னு சொல்லு" என்றாள்.

ஒடுகத்தூர் பஸ் வந்தது. கூட்டம் அதிகம். அவள் முண்டிக்கொண்டு ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள், மகள் பக்கம் திரும்பவில்லை. வசந்த் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து ஜன்னல் வழியாக நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பின்னறை ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி இருந்த காலி இடத்தில் ஊதிக்கொண்டிருந்ததை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. கதவில் கடைசி வரி மே மாதத்துத் தேதி, பக்கத்தில் முப்பத்தாறு. எழிலரசி ஈரத்துணி எடுத்து வந்து, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக அழித்தாள். வசந்த் வாசலில் நின்று பார்த்தான். தடுக்கவும் இல்லை, துணியைக் கேட்டு வாங்கவும் இல்லை.